சாம்பார் கவரும் அடிவாரத்து யானையும்

கோவை வடவள்ளியைத் தாண்டி மருதமலை அடிவாரத்தில் புதிதாக வீடு கட்டிக் குடிவந்திருக்கும் ஒருவர் இரண்டு கேள்விகள் கேட்டிருக்கிறார். யானை நடமாடும் பகுதியில் வாழ்கிற ஒரு குடும்பம் காட்டு உயிர்களுக்குத் தீங்கில்லாமல் இருக்க அன்றாடம் என்ன செய்யலாம் என்பது முதலாவது. வீட்டுக் குப்பையைக் குறைக்க எங்கிருந்து தொடங்குவது என்பது இரண்டாவது. இரண்டுக்கும் தனித்தனியே பதில் சொன்னால் நல்லது என்றும் எழுதியிருக்கிறார்.

தனித்தனியே சொல்ல எனக்கு வழி தெரியவில்லை. நீங்கள் வீடு கட்டியிருக்கும் இடத்தில் அவை இரண்டும் ஒரே கேள்விதான். உங்கள் குடும்பத்துக்கும் காட்டு விலங்குக்கும் முதல் தொடர்பு ஏற்படுவது பெரும்பாலும் அடுக்களைக் குப்பைக் கூடையின் வழியாகத்தான். நீங்கள் யானையை ஒருமுறைகூட நேரில் பார்க்காமல் இருக்கலாம். ஆனால் நீங்கள் நேற்று எறிந்ததை அது பார்த்திருக்கும்.

2025 மே மாதம் மருதமலை அடிவாரத்தில் ஒரு பெண் யானை எழுந்து நிற்க முடியாமல் கிடந்தது. கால்நடை மருத்துவர்கள் சில நாட்கள் போராடியும் அது பிழைக்கவில்லை. பிரேதப் பரிசோதனையில் அதன் வயிற்றில் குட்டி இருந்ததும், உண்டதோடு பிளாஸ்டிக் கழிவு கலந்து கிடந்ததும் தெரியவந்தன. பல உள்ளுறுப்புகள் செயலிழந்திருந்ததால், பிளாஸ்டிக் ஒன்றே அதைக் கொன்றது என்று சொல்லிவிடுவது சரியாகாது. ஆனால் அந்தப் பிளாஸ்டிக் எங்கிருந்து வந்தது என்பதில் மருதமலைப் பக்கத்தில் யாருக்கும் ஐயம் இருக்கவில்லை. சோமையம்பாளையம் ஊராட்சியின் குப்பைக் கிடங்கு காட்டை ஒட்டியே இருந்தது; அங்கே யானைகள் குப்பையைக் கிளறித் தின்பதைப் பலர் படம் பிடித்திருக்கிறார்கள். அதற்கு முன்பே அந்தப் பகுதியில் கிடந்த யானை இலத்தியில் பிளாஸ்டிக் உறைகளும் முகக்கவசங்களும் நாப்கின்களும் இருந்ததைச் செய்தித்தாள்கள் வெளியிட்டன.

அவ்வளவு பெரிய காடு பக்கத்தில் இருக்க, யானை ஏன் குப்பைக்கு வருகிறது என்று கேட்பவர்கள் உண்டு. புல்லும் தழையும் பட்டையும் உண்டு வாழும் விலங்குகளுக்கு உப்பு எப்போதும் பற்றாக்குறைதான். உப்பு மண் இருக்கும் இடங்களைத் தேடிப் போய்த் தின்பது அவற்றின் வழக்கம். நம் சமையலிலோ உப்பு, எண்ணெய், மாவு, இனிப்பு எல்லாம் செறிவாக இருக்கின்றன. நாள் முழுவதும் மேய்ந்து கிடைப்பதில் ஒரு பங்கு இங்கே இரண்டு வாயில் கிடைத்துவிடுகிறது. யானையின் மோப்பத்துக்கு உங்கள் தெருமுனைத் தொட்டி வெகு தொலைவு இல்லை. சோறும் குழம்பும் கட்டிய கவரை அது அவிழ்த்துத் தின்று கொண்டிருக்காது. அப்படியே சுருட்டி வாயில் போட்டுக்கொள்ளும். தின்றதில் பாதிக்கும் குறைவாகவே செரிக்கும் உடலமைப்பு என்பதால், விழுங்கிய கவர்களில் சில இலத்தியோடு வெளியேறுகின்றன. எல்லாக் கவர்களும் அப்படி வெளியேறுவதில்லை.

மானின் நிலை இன்னும் மோசம். மான் அசைபோடும் விலங்கு. அதன் முதல் இரைப்பையில் சேரும் தீவனம், மீண்டும் மீண்டும் மெல்லப்பட்டு நொய்யான பிறகுதான் ஒரு குறுகிய வழியாக அடுத்த அறைக்குப் போகும். பிளாஸ்டிக் எத்தனை முறை மென்றாலும் நொய்யாகாது. ஆகவே அது போகவும் முடியாமல், வெளியே வரவும் முடியாமல், முதல் இரைப்பையிலேயே தங்கிப் பந்துபோலத் திரண்டுவிடுகிறது. வயிறு நிறைந்திருப்பதாக உடல் நம்புகிறது. விலங்கோ பட்டினியில் மெலிகிறது. சென்னையில் கிண்டிக் காட்டை ஒட்டிய வளாகங்களில் இறந்த புள்ளிமான்களின் வயிற்றிலிருந்து கிலோக் கணக்கில் பிளாஸ்டிக் எடுக்கப்பட்டிருக்கிறது. நம் தெரு மாடுகளுக்கும் இதே கதிதான் என்பது கால்நடை மருத்துவர் எவரைக் கேட்டாலும் தெரியும்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. வெறும் சோற்றைத் தின்பதால் மான் இப்படிச் சாவதில்லை. வெறும் கவரைத் தேடி யானை காட்டைவிட்டு வருவதும் இல்லை. சோறு கவருக்குள் போய் முடிச்சு விழும்போதுதான், அது கவரையும் விழுங்கவைக்கும் தூண்டில் இரையாக மாறுகிறது. எனவே உங்கள் வீட்டில் நாள்தோறும் நடக்கவேண்டிய முதன்மையான வேலை, உணவுக் கழிவும் பிளாஸ்டிக்கும் எந்த நேரத்திலும் ஒன்றாகச் சேராமல் பார்த்துக்கொள்வது. கீழே நான் சொல்லப் போகிற மற்றவை அனைத்தும் இதற்குத் துணையானவை.

ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் உணவகத்தில் நான்கு செட் இட்லி பார்சல் வாங்குங்கள். வீட்டுக்கு வந்ததும் சாப்பிடாமல், மேசையில் பிரித்து வைத்து எண்ணிப் பாருங்கள். நூல் சுற்றிய சாம்பார் கவர் நான்கு, சட்னிக் கவர் எட்டு, இட்லியை மடித்த பூச்சுத் தாள் நான்கு, எல்லாவற்றையும் போட்டுக்கொடுத்த பை ஒன்று என்று பதினேழு உருப்படிகள் இருக்கும். சாம்பார் கவரின் முடிச்சை யாரும் அவிழ்ப்பதில்லை. மூலையைக் கிள்ளி ஊற்றிவிட்டு, அடியில் இரண்டு கரண்டி சாம்பாரோடு அப்படியே கூடையில் போடுகிறோம். அடுத்த நாள் காலையில் அந்தக் கூடையையே பெரிய கவர் ஒன்றில் கவிழ்த்து, அதன் வாயையும் முடிச்சிடுகிறோம். முடிச்சுக்குள் முடிச்சு. யானைக்கும் மானுக்கும் தெருநாய்க்கும் இதைவிடக் கேடான பொட்டலத்தை யோசித்துச் செய்தாலும் செய்ய முடியாது.

ஒரு தூக்குவாளியும் இரண்டு டிபன் டப்பாவும் எடுத்துக்கொண்டு போனால் அந்தப் பதினேழும் இல்லை. எங்கள் தாத்தாக்கள் எல்லாம் அப்படித்தான் வாங்கி வந்தார்கள் என்று பெருமை பேசுவதற்காக இதைச் சொல்லவில்லை. இதில் கணக்கு சரியாக வருகிறது என்பதற்காகச் சொல்கிறேன். முதல் சில வாரங்கள் கல்லாவில் இருப்பவர் முறைக்கக்கூடும். பிறகு அவரே வாளியை வாங்கி உள்ளே கொடுத்துவிடுவார், அவருக்கும் கவர் செலவு மிச்சம். இட்லி மாவுக்கு ஒரு பாத்திரம், செக்கு எண்ணெய்க்கு ஒரு கேன், இறைச்சிக்கு மூடியுள்ள ஒரு டப்பா, காய்கறிக்கு இரண்டு துணிப்பை என்று வண்டியில் நிரந்தரமாக வைத்துக்கொண்டால், மறந்துபோனது என்று சொல்லவும் இடமிருக்காது. தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருட்கள் 14 வகை 2019 ஜனவரி 1 முதல் தடைசெய்யப்பட்டுள்ளன. கேரி பேக்கும், உணவு மடிக்கும் பிளாஸ்டிக் தாளும், பிளாஸ்டிக் பூசிய கப்பும் அதில் அடக்கம். 2021 டிசம்பரில் மஞ்சப்பை இயக்கமும் தொடங்கப்பட்டது. தடை இருந்தும் கடையில் கவர் கிடைக்கிறது என்பது உண்மைதான். கிடைப்பதை வாங்காமல் இருப்பதற்கு எந்தத் தடையும் இல்லை.

'மக்கும் பை' என்று அச்சிட்டு விற்கப்படும் பிளாஸ்டிக் போன்ற பைகளை நம்பி இந்த ஏற்பாட்டைத் தளர்த்திவிடாதீர்கள். அவற்றில் உண்மையானவைகூடப் பெரிய உரக்கூடங்களின் வெப்பத்தில் மக்குவதற்காகச் செய்யப்பட்டவை. காட்டோரப் பள்ளத்திலோ மானின் வயிற்றிலோ அந்தச் சூழல் கிடையாது.

இனி வீட்டுக்குள் வருவோம். மக்கும் குப்பை, மக்காத குப்பை, தீங்கு தரும் குப்பை என்று மூன்றாகப் பிரித்துக் கொடுப்பதை 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகளே ஒவ்வொரு வீட்டின் கடமையாக்கியிருந்தன. மக்காத குப்பையைப் பொறுத்தவரை, கழுவி உலர்த்திக் கொடுப்பதுதான் முக்கியம். பால் பாக்கெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். மூலையை முழுதாக வெட்டி எறிந்தால், அந்தச் சிறு முக்கோணத் துண்டு பெருக்கும்போது மண்ணோடு போய்விடும்; அதைப் பொறுக்கி எடுத்து மறுசுழற்சி செய்பவர் உலகத்தில் யாரும் இல்லை. எனவே மூலை பாக்கெட்டோடு ஒட்டியிருக்கும்படி பாதி மட்டும் வெட்டிப் பாலை ஊற்றுங்கள். பிறகு அரை டம்ளர் தண்ணீர் விட்டு அலசுங்கள். அந்தத் தண்ணீர் தேநீருக்கோ செடிக்கோ ஆகும். கவரைக் கவிழ்த்துக் காயவைத்து ஒரு சாக்கில் சேர்த்தால், பழைய பேப்பர் கடைக்காரர் எடைபோட்டு எடுத்துக்கொள்வார். வாசனை போன கவரை நாயும் மோந்து பார்க்காது. சிப்ஸ் உறை, பிஸ்கட் உறை, ஷாம்பு சாஷே ஆகியவை பிளாஸ்டிக்கும் உலோகப் படலமும் ஒட்டிய பல அடுக்குப் பொருட்கள். கடைக்காரர் அவற்றை வாங்க மாட்டார். அவற்றைத் தனியே சேர்த்துத் தூய்மைப் பணியாளரிடம் கொடுப்பதைத் தவிர வேறு வழியில்லை, ஆகவே அவற்றை வாங்குவதையே குறைப்பதுதான் அறிவு.

மக்கும் குப்பையை வீட்டைவிட்டு அனுப்பவே கூடாது என்பது என் கருத்து. வீட்டுக் குப்பையில் எடைக்கு எடை பாதிக்கு மேல் அதுதான். விலங்கை இழுப்பதும் அதுதான். நான் முதன்முதலில் உரம் செய்ய முயன்றபோது, பெயின்ட் வாளி ஒன்றில் காய்கறித் தோலையும் மீந்த சோற்றையும் போட்டு, இறுக்கமாக மூடி வைத்தேன். பத்தாம் நாள் மூடியைத் திறந்தபோது எழுந்த நாற்றத்துக்கு என் மனைவி அந்த வாளியை மாடியில் வைக்கக்கூடச் சம்மதிக்கவில்லை. காற்று புகாத ஈரக் குப்பை அழுகும், மக்காது. இந்த ஓர் உண்மை தெரியாததால் உரம் செய்வதைக் கைவிட்டவர்கள் ஊருக்குப் பாதி.

வாளியின் பக்கங்களிலும் அடியிலும் துளையிட்டு, அடியில் ஒரு சாண் உயரத்துக்குக் காய்ந்த இலை போடுங்கள். பிறகு அன்றாடம் ஒரு கை அடுக்களைக் கழிவு போட்டால், அதே அளவுக்குக் குறையாமல் காய்ந்த இலையோ தென்னை நார்க்கழிவோ மேலே தூவவேண்டும். பொள்ளாச்சிப் பக்கம் நார் ஆலைகள் நிறைய இருப்பதால் கோவையில் நார்க்கழிவுக்குப் பஞ்சமில்லை. இலைக்குப் பணமே தேவையில்லை. உங்கள் தெருவில் குவித்துக் கொளுத்துகிறார்களே, அதை ஒரு சாக்கில் அள்ளிவந்தால் போதும், புகையும் மிச்சம். தொடக்கத்தில் இரண்டு கரண்டி புளித்த மோரோ, கரைத்த மாட்டுச் சாணமோ தெளித்தால் நுண்ணுயிர்கள் விரைவில் பெருகும். மூன்று நாளைக்கு ஒருமுறை கிளறிவிடுங்கள். கையில் எடுத்துப் பிழிந்தால் விரலிடுக்கில் ஈரம் தெரியவேண்டும், சொட்டக்கூடாது. நாற்றம் வந்தால் இலையைக் கூட்டுங்கள், காய்ந்துபோனால் தண்ணீர் தெளியுங்கள். தடித்த, சாம்பல் நிறப் புழுக்கள் நெளிவதைப் பார்த்துப் பயந்து கொட்டிவிடாதீர்கள். குளவியைப் போலத் தோன்றும் கறுப்பு ஈ ஒன்றின் புழுக்கள் அவை, கழிவை அசுர வேகத்தில் தின்று தீர்ப்பவை, அந்த ஈ கடிப்பதும் இல்லை. வாளி நிறைந்த பிறகு ஒன்றரை முதல் இரண்டு மாதத்தில் மழை பெய்த மண் வாசனையோடு உரம் கிடைக்கும்.

ஒரு முன்னெச்சரிக்கை. காட்டோரத்தில் இந்த வாளியைத் தரையில் வைக்காதீர்கள், கொல்லையில் குழி தோண்டியும் செய்யாதீர்கள். காட்டுப்பன்றி கிளறும், யானையும் வரும். மொட்டை மாடியில் வையுங்கள். இறைச்சி, மீன் எலும்புகளை முதலாண்டில் இதில் சேர்க்க வேண்டாம்.

உடைந்த கண்ணாடியைச் செய்தித்தாளில் பொதிந்து, அட்டைப் பெட்டியில் வைத்து, மேலே எழுதிக் கொடுங்கள். மூட்டைக்குள் கைவிடும் தூய்மைப் பணியாளருக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. காட்டில் உடைத்தெறியப்பட்ட மது பாட்டில் யானையின் பாதத்தில் ஏறினால் அந்தப் புண் ஆறுவது அரிது. இதன் பொருட்டுத்தான், சென்னை உயர் நீதிமன்றத்தின் தலையீட்டுக்குப் பிறகு, 2022 மே மாதம் முதல் நீலகிரி மாவட்ட டாஸ்மாக் கடைகளில் ஒரு பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் அந்தப் பணத்தைத் திருப்பித் தரும் முறை வந்தது. உங்கள் வீட்டு வேலை நடந்தபோது காலிமனையில் எத்தனை பாட்டில்கள் சேர்ந்தன என்று ஒருமுறை சுற்றிப் பாருங்கள். நாப்கின், டயப்பர்களைத் தாளில் சுற்றி அடையாளமிட்டுத் தனியே கொடுக்கவேண்டும்; நாப்கினையும் யானை விழுங்கிவிடும் என்பதை இலத்தியில் அது கிடந்ததிலிருந்தே புரிந்துகொள்ளலாம்.

குப்பையால் வரும் கேடு யானையோடும் மானோடும் முடிவதில்லை. தெருவில் உணவுக் கழிவு கிடந்தால் எலி பெருகும். எலிக்கு மருந்து வைக்கிறோம். கடைகளில் கிடைக்கும் எலி மருந்துகளில் பல, இரத்தம் உறையாமல் செய்து சில நாட்கள் கழித்தே கொல்லும் வகையைச் சேர்ந்தவை. அந்தச் சில நாட்களில் தள்ளாடித் திரியும் எலியைக் கூகை எளிதில் பிடித்துவிடும், நஞ்சும் அதன் உடலுக்குப் போய்விடும். எலியைக் காசில்லாமல் பிடித்துக்கொண்டிருந்த கூகையைக் கொன்றுவிட்டு, மறுபடியும் எலி மருந்து வாங்கக் கடைக்குப் போகிறோம். சாரைப்பாம்பைப் பார்த்தவுடன் அடிக்கும் வழக்கமும் இதே கணக்கைச் சேர்ந்தது. அதேபோல், குப்பையைத் தின்று பெருகும் நாய்க்கூட்டம் காட்டோரத்தில் மானைத் துரத்துகிறது. அந்த நாயைத் தேடிச் சிறுத்தை தெருவுக்கு வருகிறது. சிறுத்தை வந்தவுடன் கூண்டு வைக்கச் சொல்லி மனுக் கொடுக்கிறோம். குப்பையைப் பற்றி அந்த மனுவில் ஒரு வரியும் இருப்பதில்லை.

அரிசி மூட்டையை எங்கே வைத்திருக்கிறீர்கள் என்பதும் முக்கியம். கோவையின் மேற்குப் பகுதிகளில் யானை சுவரையும் கதவையும் இடித்த நிகழ்வுகளில் பலவற்றில், அது தேடி வந்தது ரேஷன் அரிசியும் தவிடும் மாட்டுத் தீவனமும்தான். ஆகவே அவற்றை வெளித் தாழ்வாரத்திலோ, தகரக் கொட்டகையிலோ, ஜன்னலோரமோ வைக்காமல், வீட்டின் உள்ளறையில் இறுக்கமான மூடியுள்ள டிரம்மில் வையுங்கள். உப்பு மூட்டைக்கும் கருப்பட்டிக்கும் இது பொருந்தும்.

குரங்குக்கு வாழைப்பழம் கொடுக்கலாமா என்று குழந்தைகள் கேட்பார்கள். கொடுக்கவேண்டாம் என்பதுதான் என் பதில், மருதமலைப் படிக்கட்டில் வைத்துக் கேட்டாலும். வால்பாறை நகரை ஒட்டிய புதுத்தோட்டத்தில் சிங்கவால் குரங்குகள் வீட்டுக் கூரையிலும் குப்பையிலும் தேடித் தின்பதைப் பார்த்திருக்கிறேன். மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகில் வேறெங்கும் இயற்கையாக வாழாத விலங்கு அது; மழைக்காட்டின் உச்சிக் கிளையைவிட்டு இறங்காதது என்று நூல்களில் படித்த விலங்கு, ஒரு முட்டை ஓட்டையும் பிஸ்கட் உறையையும் கையில் வைத்துக்கொண்டு சாலையோரத்தில் உட்கார்ந்திருந்தது. வெயில் காலத்தில் பறவைகளுக்குத் தண்ணீர் வைப்பது நல்லதே. ஆனால் அந்தக் கிண்ணத்தை நாள்தோறும் தேய்த்துக் கழுவவேண்டும். கிளி வளர்க்கும் ஆசை வந்தால் அதை அடக்கிக்கொள்ளுங்கள். நம் நாட்டுக் கிளிகளைக் கூண்டில் வைத்திருப்பது 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

உங்கள் ஒரு வீடு மட்டும் இதைச் செய்தால் என்ன பயன் என்று அடுத்துக் கேட்பீர்கள். தெருமுனைத் தொட்டியில் ஒரு வீட்டின் மூட்டை இருந்தாலும் யானை வரும், முப்பது வீட்டின் மூட்டை இருந்தாலும் வரும். எனவே தனிவீட்டின் பயன் குறைவுதான், ஒப்புக்கொள்கிறேன். அதனால்தான், தொட்டி என்ற ஒன்றே தெருவில் இல்லாமல், காலையில் வண்டி வரும்போது நேரடியாகக் கையில் கொடுக்கும் வழக்கத்தை உங்கள் தெரு முழுவதும் கொண்டுவர முயலவேண்டும். எங்கள் தெருவில் அதற்கு எட்டு மாதம் பிடித்தது. முதலில் நான்கு வீடுகள்தான் சேர்ந்தன. இரவில் குப்பையை வெளியே வைப்பதில்லை என்ற ஒரே ஒரு விதியை மட்டும் எல்லோரும் ஏற்கும்வரை, வேறெதையும் நாங்கள் வலியுறுத்தவில்லை. வண்டி வராத நாளில் என்ன செய்வது என்பதுதான் பலருடைய தயக்கமாக இருந்தது. மக்கும் குப்பை மாடி வாளிக்குப் போய்விட்டால், கழுவிக் காயவைத்த மற்றது ஒரு வாரம் இருந்தாலும் நாறாது என்பதைக் கண்ணால் பார்த்த பிறகு அந்தத் தயக்கம் போனது.

இரண்டு மாதம் கழித்து வாளியிலிருந்து உரம் எடுக்கும்போது, தோட்டத்தில் என்ன வைக்கலாம் என்ற கேள்வி வரும். வாழையையும் பலாவையும் கரும்பையும் விட்டுவிடுங்கள். உங்கள் பக்கத்தில் அவற்றை வைப்பது யானைக்கு இலை போட்டு அழைப்பதற்குச் சமம். கறிவேப்பிலை, மிளகாய், கத்தரி, செம்பருத்தி, நந்தியாவட்டை ஆகியவற்றை மாடியிலேயே தொட்டியில் வளர்க்கலாம். ஒரு தொட்டிக்கு இரண்டு கைப்பிடி உரம் போதும்.